அப்போ தப்பாச் சொன்னவங்க யாரு சார்?

இரண்டு வருடம் இருக்கும். அரசுப் பள்ளி ஒன்றில் வேதியியல் ஆசிரியராக இருக்கும் நண்பர், அறிவியல் மன்றத்தில் பேசக் கூப்பிட்டார். நான் விஞ்ஞானி இல்லை, கணக்கு எழுதிப் பிழைக்கிறவன். தத்துவ வரலாறு படிக்கிற கிறுக்கு கொஞ்சம் உண்டு, அது அவருக்குத் தெரியும். "பசங்களுக்குச் சுவாரசியமா ஏதாவது சொல்லுங்க, முக்கால் மணி நேரம் போதும்" என்றார். மேற்கத்தியத் தத்துவத்தில் அறிவியலை முன்கூட்டியே கண்டவர்கள் என்று ஒரு பட்டியல் தயார் பண்ணிக்கொண்டு போனேன். 2,400 வருடத்துக்கு முன்பே அணுவைச் சொன்ன டெமாக்ரிட்டஸ். அந்த அணு ஓயாமல் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று கவிதையில் எழுதிய ரோமாபுரி லுக்ரீஷியஸ். வானத்தில் மங்கலாகத் தெரியும் புகைத்திட்டுகள் நம் பால்வீதி போலவே தனித்தனி நட்சத்திரக் கூட்டங்கள் என்று 1755-லேயே எழுதிய ஜெர்மன் தத்துவவாதி காண்ட். ஒவ்வொரு பெயருக்கும் பிள்ளைகள் 'ஓ' என்றார்கள். எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பத்தாம் வகுப்பு. "சார், அந்தக் காலத்துல நிறைய பேர் நிறைய சொல்லியிருப்பாங்கல்ல? அப்போ தப்பாச் சொன்னவங்க எல்லாம் யாரு சார்?"

'நல்ல கேள்வி' என்றேன். பதில் இல்லாதவன் சொல்கிற முதல் வார்த்தை அதுதான். அப்புறம், அறிவியலில் தவறும் முக்கியம், தவறிலிருந்துதான் கற்றுக்கொள்கிறோம் என்று என்னவோ சொல்லிச் சமாளித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள். திருப்தியாகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. பொன்னாடை, ஃபோட்டோ, டீ எல்லாம் முடிந்து பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அந்தக் கேள்வியின் கூர் எனக்கு உறைத்தது. ஊரில் ஒரு ஜோசியர் கதை சொல்வார்கள். கர்ப்பிணிகளுக்கெல்லாம் 'ஆண் குழந்தைதான்' என்று வாயால் சொல்லிவிட்டு, நோட்டில் 'பெண்' என்று எழுதி வைத்துக்கொள்வாராம். ஆண் பிறந்தால் சொன்னது பலித்தது, பெண் பிறந்தால் 'அப்பவே எழுதிவெச்சிருக்கேன் பாரு' என்று நோட்டைப் பிரிப்பார். நான் மேடையில் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான். பலித்த பக்கத்தை மட்டும் பிரித்துக் காட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

பலித்த பக்கமும் பக்கத்துப் பக்கமும்

வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளை எடுத்தேன். முதலில் டெமாக்ரிட்டஸ். கிரேக்க வடக்கில் அப்டேரா ஊர்க்காரர், கி.மு. 460 வாக்கில் பிறந்தவர். அணுக் கொள்கையை அவருக்கு முன்பே அவருடைய குரு லியூசிப்பஸ் சொல்லிவிட்டார். அணு என்பதற்கு அவர்கள் வைத்த பெயருக்கு 'வெட்ட முடியாதது' என்று பொருள். 1897-ல் ஜே.ஜே. தாம்சன் எலக்ட்ரானைக் கண்டுபிடித்ததும் அடிபட்டது அந்தப் பெயரே. இனிப்புக்குக் காரணம் உருண்டை அணுக்கள், புளிப்புக்குக் காரணம் கோணல் முனை வைத்த அணுக்கள் என்றும் டெமாக்ரிட்டஸ் சொல்லியிருக்கிறார். பூமி நடுவில் குழிந்த தட்டு என்றும் அவர் நினைத்ததாகக் குறிப்பு இருக்கிறது. இதையெல்லாம் நான் மேடையில் சொல்லவில்லை.

இன்னொன்றும் உண்டு. அவர் அணுவைக் கொண்டுவந்தது வேதியியலுக்காக இல்லை. பார்மெனிடிஸ் என்று ஒருவர் முன்பே ஒரு முட்டுக்கட்டை போட்டிருந்தார்: இல்லாததிலிருந்து எதுவும் வராது, இருப்பது இல்லாமல் போகாது, ஆகவே மாற்றம் என்பதே மாயை. கண்ணெதிரே மாங்காய் பழுக்கிறதே, அதை எப்படி மாயை என்பது? மாறாத துண்டுகள் இடம் மாறி அடுக்கிக்கொள்கின்றன, அவ்வளவுதான் என்பது அப்டேராக்காரர்களின் பதில். 1808-ல் ஜான் டால்டன் அணுவைப் பேசியபோது அவர் முன்னால் இருந்த பிரச்சினையே வேறு: வாயுக்கள் ஏன் இப்படிக் கலக்கின்றன, தனிமங்கள் ஏன் குறிப்பிட்ட எடை விகிதத்தில் மட்டும் சேர்கின்றன? இரண்டு பேரும் ஒரே சொல்லை எழுதினார்கள். எழுதிய கேள்வித்தாள் வேறு வேறு.

லுக்ரீஷியஸ் விஷயம் இதைவிட வேடிக்கை. பாட்டி வீட்டில் ஓட்டுக்கூரைக்கு நடுவே ஒரு கண்ணாடி ஓடு இருக்கும். மத்தியானம் அதன் வழியாக ஒரு தூண் மாதிரி வெயில் இறங்கும், அதில் தூசி மிதக்கும். படுத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். லுக்ரீஷியஸும் அதைத்தான் பார்த்தார். கண்ணுக்குத் தெரியாத அணுக்கள் முட்டித் தள்ளுவதால்தான் இந்தத் தூசி இப்படி அலைகிறது என்று எழுதினார். துகள்களை மூலக்கூறுகள் முட்டித் தள்ளுவது உண்மை. 1827-ல் ராபர்ட் பிரவுன் நுண்ணோக்கியில் அந்தத் துடிப்பைப் பார்த்தார், 1905-ல் ஐன்ஸ்டைன் கணக்குப் போட்டார், அப்புறம் ழான் பெரின் அளந்து காட்டினார். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவுத் தூசியை வெயில் தூணில் ஆட்டுவது பெரும்பாலும் காற்றோட்டம்தான். விடை சரி, ஸ்டெப் தப்பு. நம் கணக்கு வாத்தியார்கள் இதற்கு எத்தனை மார்க் போடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

காண்ட் புத்தகத்தில்தான் எனக்கு நன்றாக உதை விழுந்தது. அந்த 1755 புத்தகத்தைப் பெயர் போடாமல் வெளியிட்டார். பதிப்பாளர் திவாலாகி, சரக்கு முடங்கி, பல காலம் பெரிதாக யார் கண்ணிலும் படவில்லை. ஆங்கிலேயர் தாமஸ் ரைட் எழுதிய நூலைக் காண்ட் நேரில் படித்ததுகூட இல்லை. ஹாம்பர்க் பத்திரிகை ஒன்றில் வந்த சுருக்கத்தைப் படித்து, அதையும் கொஞ்சம் மாற்றிப் புரிந்துகொண்டு, அங்கிருந்துதான் தட்டு வடிவ நட்சத்திரக் கூட்டம் என்கிற யோசனைக்கு வந்தார். 1920-களில் எட்வின் ஹபிள் ஆண்ட்ரோமீடா நம் பால்வீதிக்கு வெளியே இருக்கிறது என்று நிரூபித்ததும் காண்ட் தீர்க்கதரிசி ஆகிவிட்டார். அதே புத்தகத்தின் கடைசிப் பகுதியில், மற்ற கிரகங்களில் வாழ்கிறவர்களைப் பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. சூரியனை விட்டுத் தள்ளிப் போகப் போக உடல் லேசாகுமாம், அறிவு கூடுமாம். புதன், வெள்ளி வாசிகள் மந்தம். வியாழன், சனி வாசிகளோடு ஒப்பிட்டால் நம்முடைய நியூட்டன் ஒன்றுமே இல்லை என்கிற மாதிரி போகிறது. ஒரே கை, ஒரே மை, ஒரே ஊக்கம்.

அன்று ராத்திரி நண்பருக்கு மெசேஜ் அனுப்பினேன்: "அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்க. தப்பாச் சொன்னவங்களும் அதே ஆளுங்கதான். அதே புக்குல, அடுத்த பக்கத்துல." கட்டைவிரல் ஒன்று பதிலுக்கு வந்தது. விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியாது என்று சொன்னவர்

முடியவில்லை. இன்னொரு ஆள் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தார். ஆகஸ்ட் காம்ட். சமூகவியல் என்ற பெயரைப் பரவலாக்கியவர் என்று பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருப்போம். 1798-ல் மோன்பெலியேவில் பிறந்து பாரிஸில் காலம் தள்ளியவர். அறிவியல் எதற்கு என்ற கேள்விக்கு மேற்கத்தியத் தத்துவத்தில் மிகத் துணிச்சலான பதில் இவருடையது: அறிவியலிலிருந்து முன்னறிவு பிறக்கிறது, முன்னறிவிலிருந்து செயல் பிறக்கிறது. ஒரு விஷயம் அறிவியலா இல்லையா என்று பார்க்க அவர் வைத்த உரைகல், அது வரப்போவதைச் சொல்கிறதா என்பதுதான். இப்படிப்பட்ட ஆள், 1835-ல் வந்த தன் பெரிய நூலின் இரண்டாம் தொகுதியில், வானியல் பற்றி ஒரு கணிப்பு சொன்னார். வானத்துப் பொருள்களின் வடிவம், தூரம், அளவு, ஓட்டம் இதையெல்லாம் நாம் கண்டறிய முடியும். அவை எதனால் ஆனவை என்கிற வேதியியலை எந்த வழியாலும் ஒருபோதும் அறிய முடியாது.

1857-ல் காம்ட் இறந்தார். 1859-ல் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் விஞ்ஞானிகள் கிர்க்காஃபும் புன்சனும் சூரியனில் சோடியம் இருக்கிறது என்று காட்டிவிட்டார்கள். இரண்டே வருடம். முன்னறிவே அறிவியல் என்று சொன்னவர், முன்னறிவில் கோட்டைவிட்ட கதைகளிலேயே பிரபலமான கதைக்குச் சொந்தக்காரர். அறிவியல் வரலாறு எழுதுகிறவர்கள் இதைச் சொல்லிச் சிரிக்காமல் தாண்டுவதில்லை. நானும் சிரித்தேன். அந்தப் பெண் கேட்ட 'தப்பாச் சொன்னவர்' பட்டியலில் முதல் பெயர் கிடைத்துவிட்டதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

ஆனால் ஆளைப் பற்றிப் படிக்கப் படிக்கச் சிரிப்பு குறைந்தது. 1831-ல் தொடங்கி 1848 வரை இந்த மனிதர் பாரிஸ் தொழிலாளர்களுக்காக இலவசமாக வானியல் வகுப்பு எடுத்திருக்கிறார். நிலையான பதவி என்று பெரிதாக எதுவும் கிடையாது. வாரத்துக்கு ஒருமுறை போய், நாள் முழுக்க உழைத்துவிட்டு வந்தவர்களுக்கு முன்னால் நின்று கிரகம் எப்படிச் சுற்றுகிறது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். வானத்தின் மேல் ஆசை இல்லாதவன் இதைச் செய்ய மாட்டான். நட்சத்திரங்களின் தூரத்தை அறியலாம் என்று அவர் சொன்னாரே, அதுவரை ஒரு நட்சத்திரத்தின் தூரத்தைக்கூட யாரும் அளந்து முடிக்கவில்லை. ஜெர்மன் வானியலாளர் பெஸல் முதல் தடவையாக அதைச் செய்தது 1838-ல். ஆக, எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை போடுகிற ஆசாமி என்றும் அவரைத் தள்ளிவிட முடியாது. முடியும் என்றவை அத்தனையும் முடிந்தன. முடியாது என்றதுதான் காலை வாரிவிட்டது. அது ஏன் என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

கஞ்சி பொங்கிய அன்று

ஒரு ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் சோறு வடிக்கிற பழக்கம் இன்னும் இருக்கிறது. உலையில் உப்புப் போட்டுத்தான் வடிப்போம். அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மனைவி மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் பார்த்தது ஃபோனை. உஸ் என்று சத்தம். கஞ்சி பொங்கி பர்னரில் வழிந்துவிட்டது. நீலமாக எரிந்துகொண்டிருந்த தீ சட்டென்று மஞ்சளாக மாறி, இரண்டு விநாடி நின்று, திரும்ப நீலத்துக்குப் போனது. ஆயிரம் தடவை பார்த்த மஞ்சள். அன்றைக்குத்தான் அது என்ன சொல்கிறது என்று கேட்டது.

பிளஸ் டூவில் சால்ட் அனாலிசிஸ் செய்தவர்களுக்கு இது புதிதில்லை. சுடர்ச் சோதனை என்று ஒன்று உண்டு. உப்பைக் கொஞ்சம் அமிலத்தில் குழைத்துத் தீயில் காட்டினால் செங்கல் சிவப்பு வந்தால் கால்சியம், ஆப்பிள் பச்சை வந்தால் பேரியம், அடர்சிவப்பு வந்தால் ஸ்ட்ரான்சியம், மஞ்சள் வந்தால் நம் சாப்பாட்டு உப்பில் இருக்கிற சோடியம். பக்கத்துப் பையன் என்ன எழுதினான் என்று பார்த்து நாமும் எழுதி மார்க் வாங்கியிருப்போம். புன்சனும் கிர்க்காஃபும் செய்தது இந்தச் சோதனைதான், கூடவே ஒரு பட்டகம். புன்சனின் அடுப்புக்கு நிறமே இல்லாத தீ. அதில் உப்பைக் காட்டி, வருகிற ஒளியைப் பட்டகத்தில் பிரித்தால் ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனிக் கோடுகள். கைரேகை மாதிரி, ஒன்றுக்கு இருப்பது இன்னொன்றுக்கு இல்லை. ஹைடல்பெர்க்கிலிருந்து தூரத்தில் மன்ஹைம் ஊரில் தீப்பிடித்ததை இந்தக் கருவியால் பார்த்து, அந்தத் தீயில் பேரியமும் ஸ்ட்ரான்சியமும் இருப்பதைக் கண்டார்கள் என்று ஒரு கதை உண்டு. பக்கத்து ஊர்த் தீயில் இருப்பது தெரியுமென்றால் சூரியனில் இருப்பது ஏன் தெரியக்கூடாது என்று நடந்துகொண்டே பேசினார்களாம். அவர்கள் நடந்த அந்த மலைப்பாதைக்கு ஊர்க்காரர்கள் வைத்திருந்த பெயர் 'தத்துவவாதிகளின் பாதை'. கதைக்காகவே வைத்த மாதிரி இருந்தாலும் பாதை இன்றும் இருக்கிறது, போய்ப் பார்க்கலாம்.

சூரிய நிறமாலையில், அதாவது பட்டகம் பிரித்துக் காட்டும் நிறப்பட்டையில், கறுப்புக் கோடுகள் இருப்பது ஏற்கெனவே தெரியும். சோடியத்தின் மஞ்சள் கோடு விழுகிற அதே இடத்தில் சூரிய ஒளியில் ஒரு கறுப்புக் கோடு. கிர்க்காஃப் சூரிய ஒளிக்குக் குறுக்கே சோடியத் தீயை வைத்தார். தீயின் மஞ்சள் போய் அந்தக் கறுப்பை நிரப்பிவிடும் என்று எதிர்பார்த்தார். வெயில் மங்கலாக இருந்தபோது நிரப்பவும் செய்தது. ஆனால் வெயிலை முழுசாக விட்டதும் கோடு இன்னும் கறுத்துப்போனது. நான் இந்த இடத்தைப் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன், அவ்வளவு பிடித்தது. நினைத்ததற்கு நேர்மாறாக நடக்கிறது, அந்த நேர்மாறில்தான் விடை இருக்கிறது: எந்த நிறத்தை ஒரு வாயு வெளிவிடுமோ அதே நிறத்தை அது விழுங்கவும் செய்யும். அப்படியானால் சூரியனின் மேலே சோடியம் ஆவியாக நிற்கிறது, அடியிலிருந்து வரும் மஞ்சளை அது தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் நமக்கு அனுப்புகிறது.

இப்போது காம்டுக்குத் திரும்புகிறேன். அவர் போட்ட தர்க்கம் என்ன? நட்சத்திரத்தைத் தொட முடியாது, முகர முடியாது, குடுவையில் போட்டுக் கலக்க முடியாது. கண்ணால் பார்ப்பது ஒன்றுதான் வழி. ஆகவே பார்வையால் அறிய முடியாததை நட்சத்திரத்தில் அறிய முடியாது. இதில் ஒரு ஓட்டையும் இல்லை. அவருக்குப் பிறகு நூறு வருடத்துக்கு மேல் நட்சத்திர வேதியியல் நடந்ததெல்லாம் வந்து சேர்கிற ஒளியைப் பார்த்துத்தான். தப்பு எங்கே என்றால், பார்வையால் எதை அறியலாம் என்ற பட்டியலை அவர் முன்கூட்டியே மூடிவிட்டார். ஒளி என்றால் வடிவமும் இடமும் காட்டும், அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டார். வந்து விழுகிற வெளிச்சத்துக்கு உள்ளேயே குறிப்பு எழுதியிருக்கும் என்று தோன்றவில்லை.

அந்தக் குறிப்பும் அவர் எழுதுவதற்கு இருபது வருடம் முன்பே கண்ணில் பட்டுவிட்டது என்பதுதான் கொடுமை. 1814-ல் பவேரியாவில் ஜோசஃப் ஃப்ரான்ஹோஃபர் என்ற கண்ணாடி செய்கிற தொழிலாளி சூரிய நிறமாலையில் 574 கறுப்புக் கோடுகளை எண்ணி, படம் போட்டு, முக்கியமானவற்றுக்கு எழுத்தும் கொடுத்து வைத்திருந்தார். நட்சத்திர ஒளியிலும் கோடுகளைப் பார்த்தார், அங்கே அமைப்பு வேறு மாதிரி இருக்கிறது என்றும் குறித்தார். அவருக்கு அந்தக் கோடுகள் நல்ல லென்ஸ் செய்ய உதவும் அளவுகோல். என்ன பொருள் என்று அவருக்கும் தெரியாது. சிறுவயதில் வேலை பார்த்த கட்டடம் இடிந்து விழுந்து, இடிபாட்டிலிருந்து உயிரோடு தோண்டி எடுக்கப்பட்டவர். 39 வயதில் போய்ச் சேர்ந்தார். பாரிஸ் தத்துவவாதி 'ஒருபோதும்' என்று எழுதுகிறபோது விடைத்தாள் அச்சாகி அலமாரியில் இருந்தது, அது எந்தக் கேள்விக்கான விடை என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் 1838 வாக்கில் காம்ட் மற்றவர்கள் எழுதுவதைப் படிப்பதையே கிட்டத்தட்ட நிறுத்திக்கொண்டார். அதற்கு 'மூளைச் சுகாதாரம்' என்று பெயர் வைத்தார். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை, அவரே வைத்த பெயர். நாட்கணக்கில் நியூஸ் பார்க்காமல் இருக்கும்போது எனக்கும் அந்தச் சுகம் தெரியும்.

அவருடைய 'ஒருபோதும்' உடைந்ததில் நம் பக்கத்து மண்ணுக்கும் ஒரு பங்கு உண்டு. 1868 ஆகஸ்ட் 18-ம் தேதி முழுச் சூரிய கிரகணம். பிரான்ஸிலிருந்து வந்த வானியலாளர் ழான்சென் அன்றைய மெட்ராஸ் மாகாணத்துக் குண்டூரில் கருவியை வைத்துக் காத்திருந்தார். மெட்ராஸ் வானாய்வகத்தின் நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்தில் இருந்தார். சூரியன் மறைந்து விளிம்பில் தீ நாக்குகள் தெரிந்தபோது நிறமாலைக் கருவியில் பளிச்சென்று கோடுகள். அதில் ஒரு மஞ்சள். முதல் பார்வைக்கு நம் கஞ்சி மஞ்சள்தான், சோடியம். இல்லை, கொஞ்சம் தள்ளி விழுகிறது என்பது பிறகு உறுதியாகி, இங்கிலாந்தில் வானியலாளர் லாக்யர் அதைப் புதுத் தனிமம் என்று துணிந்து, சூரியனின் பெயரால் ஹீலியம் என்றார்கள். பூமியில் அந்த ஹீலியத்தை வேதியியலாளர் ராம்சே பிடித்தது 1895-ல். ஒருபோதும் அறிய முடியாது என்ற இடத்தில் முதலில் கண்டுபிடித்து, 27 வருடம் கழித்துக் காலடியில் தேடி எடுத்திருக்கிறார்கள்.

வால் நட்சத்திரத்துக்கு ஆள் வருவான்

அப்படியானால் முன்னறிவு என்று எதைச் சொல்வது? எனக்கு இதில் ஒரு பிடிவாதமான அபிப்பிராயம் வந்துவிட்டது. அணு இருக்கிறது என்று சொல்வதோ, நட்சத்திர வேதியியல் அறிய முடியாது என்று சொல்வதோ இரண்டும் ஒரே ரகம். நாளைக்கு வரப்போகும் அறிவில் என்ன இருக்கும் என்று இன்றைக்கே சொல்கிற வேலை. நாளைக்குத்தான் தெரியப்போவதை இன்றைக்குத் தெரிந்துகொள்ள முடியாது என்று கார்ல் பாப்பர் 1957-ல் வாதாடியதை முதலில் படித்தபோது, இதைச் சொல்ல ஒரு தத்துவவாதி வேண்டுமா என்று அலட்சியமாகத் தாண்டியிருந்தேன். காம்டுக்கு அப்புறம் திரும்பப் படித்தால் எரிகிறது. பொருள் எங்கே போகும் என்று சொல்லலாம், கருவி எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

இரண்டுக்கும் ஒரே இடத்தில் உதாரணம் வேண்டுமென்றால் வால் நட்சத்திரம். அரிஸ்டாட்டிலுக்கு அது காற்று மண்டலத்தில் நடக்கிற எரிச்சல். ரோமப் பேரரசன் நீரோவிடம் அமைச்சர் மாதிரி இருந்து, கடைசியில் நீரோ உத்தரவாலேயே கி.பி. 65-ல் உயிரை விட்ட செனகா இதை ஒப்புக்கொள்ளவில்லை. கிரகங்கள் மாதிரி அவையும் நிலையான படைப்புகள், அவற்றுக்கும் பாதை உண்டு என்றார். என்ன பாதை? தெரியாது. ஒருநாள் ஒருவன் வருவான், எந்தப் பக்கமாக அவை ஓடுகின்றன என்று காட்டுவான், இவ்வளவு வெளிப்படையான விஷயம் இவர்களுக்குத் தெரியாமல் போயிற்றே என்று பின்னால் வருகிறவர்கள் நம்மைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள் என்று எழுதிவிட்டு நகர்ந்தார். அதே நூலில், இடி விழுந்து ஜாடி உடைந்தால் உள்ளே இருந்த மது ஒழுகாமல் மூன்று நாள் விறைத்து நிற்கும் என்றும் எழுதியிருக்கிறார். பக்கத்துப் பக்கம் இவரையும் விடவில்லை. ஆனாலும் வால் நட்சத்திரப் பகுதியில் அவர் விட்டு வைத்த காலி இடம் எனக்குப் பிடிக்கிறது. பதிலை யூகிக்காமல், பதில் வரும் என்பதை மட்டும் சொல்லி இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்.

எட்மண்ட் ஹாலி அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தார். 1682-ல் தான் பார்த்ததும், 1607, 1531-ல் மற்றவர்கள் பார்த்ததும் ஒன்றுதான், 1758 வாக்கில் திரும்ப வரும் என்று சொல்லிவிட்டு 1742-ல் இறந்துபோனார். வந்ததா இல்லையா என்று பார்க்க அவருக்கு வழியே இல்லை, பலிக்காவிட்டால் நோட்டைப் பிரித்துக் காட்டவும் முடியாது. பாரிஸில் கிளேரோ, லலாந்த், நிக்கோல்-ரெய்ன் லெபோத் மூன்று பேரும் மாதக்கணக்கில் கணக்குப் போட்டு, வியாழனும் சனியும் இழுப்பதால் தாமதமாகும், 1759 ஏப்ரல் நடுவில்தான் சூரியனை நெருங்கும், ஒரு மாதம் முன்பின் ஆகலாம் என்றார்கள். டிரெஸ்டன் பக்கத்தில் பாலிட்ஸ் என்ற விவசாயி 1758 கிறிஸ்துமஸ் ராத்திரி அதைப் பார்த்துவிட்டார். சூரியனை நெருங்கியது மார்ச் 13. மூன்று பேர் கணக்கில் ஒரு மாதப் பிழை. எவ்வளவு பிழை என்று சொல்ல முடிகிறது பாருங்கள். டெமாக்ரிட்டஸ் எவ்வளவு தூரம் சரி என்று எந்தக் காலண்டரில் பார்ப்பது?

போன மாதம் நண்பர் மறுபடி கூப்பிட்டார். இந்தத் தடவை பேச்சு வேண்டாம் என்று செருப்பு டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு, உள்ளே சாய்வாகப் பழைய சிடி ஒன்றை ஒட்டி, நிறமாலைக் கருவி செய்துகொண்டு போனேன். சிடி கிடைப்பதே இப்போது பெரும்பாடு. அந்தப் பெண்ணைத் தேடினேன். பத்தாவது முடித்து வேறு ஊரில் பதினொன்று சேர்ந்துவிட்டாள் என்றார் நண்பர். என் மெசேஜை அவளிடம் சொன்னீர்களா என்றேன். "எந்த மெசேஜ்?" என்றார்.

பிள்ளைகள் வரிசையில் நின்று டப்பாவுக்குள் பார்த்தார்கள். வகுப்பில் டியூப் லைட்டைப் பார்த்தபோது பச்சையும் ஊதாவும் தனியாகத் தெரிந்தது, ஒரே கூச்சல். அப்புறம் வெளியே போய் வெள்ளை மேகத்தைப் பார்க்கச் சொன்னேன் (சூரியனை நேராகப் பார்க்கக் கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன்). வானவில் தெரிந்தது. நான் பெருமையாக, "கறுப்புக் கோடு தெரியுதா?" என்றேன். இல்லை என்றார்கள். நான் வாங்கிப் பார்த்தேன், எனக்கும் தெரியவில்லை. ஒல்லியாக ஒரு பையன் டப்பாவை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சார், ஓட்டை பெருசா வெட்டிட்டீங்க, கலரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு விழுது" என்றான். சரியாகச் சொன்னான். நியூட்டன் பட்டகத்துக்கு முன்னால் விட்டதும் பெரும்பாலும் வட்டத் துளைதான், அவர் அந்தக் கோடுகளைப் பற்றி எழுதவே இல்லை. 1802-ல் வொல்லாஸ்டன் மெல்லிய பிளவு வைத்ததும் ஏழு கறுப்புக் கோடுகள் தெரிந்தன, அவரும் அவற்றில் சிலவற்றை நிறங்களுக்கு நடுவே போட்ட வேலி என்று நினைத்துக்கொண்டார். இதையெல்லாம் நான் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவன் ஓடிப்போய், பென்சில் சீவுகிற பிளேடு ஒன்றை வாங்கி, இரண்டாக உடைத்துத் தரச் சொல்லி நண்பரிடம் நின்றுகொண்டிருந்தான்.